விமானம், செய்மதி பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசையா? முடிவு வருமட்டும் என்ன செய்யலாம்



எங்கள் ஆலோசனை மேசைக்கு வருபவர்கள் பெரும்பாலும் வழக்கு, வீடு, வைத்தியர் பற்றித்தான் கேட்பார்கள். இடைக்கிடை வேறு மாதிரியான ஒரு கேள்வியும் வரும். "ஊரில ஏ.எல். மற்ஸ் படிச்சனான். விமானம், ரொக்கற், செய்மதி எண்டால் சின்ன வயசில இருந்தே விருப்பம். இங்க வழக்கு முடியுமட்டும் ஒண்டும் செய்யேலாதோ?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். பக்கத்தில் இருக்கிற அப்பாவோ மாமாவோ, "முதல்ல விசா வரட்டும், பிறகு பாப்பம்" என்று சொல்லி முடித்துவிடுவார்.

விசா முக்கியம்தான். ஆனால் முடிவு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிலருக்கு மாதங்கள், சிலருக்கு வருடங்கள். அந்தக் காலம் முழுவதும் படிப்பைக் கட்டிவைத்தால், பிறகு அதை அவிழ்ப்பது கஷ்டம். இந்தத் துறையில் சில வழிகள் இப்போதைக்கு உங்களுக்கு மூடப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு வழி இன்றைக்கே, காசில்லாமல், திறந்திருக்கிறது. எது எது என்று இந்த இதழில் பார்ப்போம். இங்கே சொல்லும் விதிகள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சில வித்தியாசங்கள் உண்டு.

ஒரு துறை, இரண்டு பக்கம்

வான்வெளிப் பொறியியல் என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்கு இரண்டு பக்கம் இருக்கிறது. ஒன்று, பறக்கும் பொருளைச் செய்வது: விமானம், எஞ்சின், ரொக்கற், செய்மதியின் உடல். மற்றது, மேலே போன கருவி கீழே அனுப்பும் தகவலை வைத்துப் பூமியை ஆராய்வது. இதைத் தொலையுணர்வு என்று சொல்வார்கள். பொருளைத் தொடாமல், தூரத்தில் இருந்து, அது திருப்பி அனுப்பும் ஒளியையோ ராடர் அலையையோ அளந்து அதைப் பற்றி அறிவதுதான் தொலையுணர்வு. காடு, வயல், வெள்ளம், கடற்கரை, நகரத்தின் வெப்பம் எல்லாவற்றையும் இப்படி ஆராய்கிறார்கள்.

இந்தப் பிரிவு உங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், முதல் பக்கத்துக்குத் தொழிற்சாலையும் அனுமதியும் வேண்டும். இரண்டாவது பக்கத்துக்கு ஒரு கணினியும் பொறுமையும் போதும்.

இப்போதைக்கு மூடியிருக்கும் வழிகள்

வீண் அலைச்சலும் வீண் செலவும் வராமல் இருக்க முதலில் இவற்றைச் சொல்லிவிடுகிறோம்.

1. விமான நிலையத்திலும் விமானப் பராமரிப்பிலும் பயிற்சி. ஓடுபாதைப் பக்கம் போகும் அடையாள அட்டைக்குக் கடந்த 5 வருடமும் எங்கே வேலை செய்தீர்கள், எங்கே படித்தீர்கள் என்று சரிபார்ப்பார்கள். புதிதாக வந்தவருக்கு இது மிகவும் கடினம். அப்ரென்ரிஸ் என்னும் தொழிற்பயிற்சி சம்பளத்தோடு வருவது. அதனால் அது சட்டப்படி வேலை. வேலை அனுமதி இல்லாமல் சேர முடியாது.

2. சம்பளத்தோடு கூடிய கோடைகாலப் பயிற்சிகள். பிரித்தானிய விண்வெளி நிறுவனத்தின் ஆதரவில் மாணவர்களைச் செய்மதிக் கம்பனிகளில் சேர்க்கும் ஸ்பின் என்ற திட்டம் நல்லது. ஆனால் வேலை செய்யும் உரிமை உள்ளவர்களுக்குத்தான் அது சரிவரும்.

3. பாதுகாப்புத் துறையோடு சேர்ந்த ஆராய்ச்சி. பாதுகாப்புச் சோதனைக்குப் பல வருடம் இந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும். சில இடங்களில் குடியுரிமையும் கேட்பார்கள்.

4. முதுகலை, கலாநிதிப் பட்டம். விமானப் பொறியியல் போன்ற சில பாடங்களுக்கு ஏட்டாஸ் என்ற சான்றிதழ் முறை 2007இல் கொண்டுவரப்பட்டது. இலங்கை, இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் விலக்களிக்கப்பட்ட பட்டியலில் இல்லை. இது பாடத்துக்குப் பாடமும் ஆளின் குடிவரவு நிலையைப் பொறுத்தும் மாறும். உங்களுக்குத் தேவையா என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் குடிவரவு ஆலோசகரிடம் எழுத்தில் கேளுங்கோ.

இந்தப் பட்டியலைப் பார்த்து மனம் விடவேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை உங்கள் நிலை மாறும்போது மாறும்.

திறந்திருக்கும் வழி: இலவசச் செய்மதிப் படங்கள்

அமெரிக்கா தனது முதல் லான்ட்சற் செய்மதியை 1972 ஜூலையில் அனுப்பியது. அன்றிலிருந்து இந்த வரிசைச் செய்மதிகள் பூமியைப் படம் எடுத்து வருகின்றன. பல வருடமாக அந்தப் படங்களை விலைக்குத்தான் வாங்க வேண்டியிருந்தது. லான்ட்சற்-7 படம் ஒன்று 600 டொலர். ஒரு மாணவன் பத்து வருட மாற்றத்தை ஆராய வேண்டுமென்றால் வீட்டை விற்க வேண்டும். 2008இல் அந்த விலையை எடுத்துவிட்டார்கள். பழைய படம், புதிய படம் எல்லாம் யாருக்கும் இலவசம் ஆனது.

அதன் பின் ஐரோப்பாவும் அதே வழியில் வந்தது. கொப்பர்னிக்கஸ் திட்டத்தில் சென்ரினல்-2 வரிசையின் முதல் செய்மதி 2015 ஜூனிலும் இரண்டாவது 2017 மார்ச்சிலும் ஏவப்பட்டன. இவை 10 மீற்றர் நுணுக்கத்தில் படம் தருகின்றன. அதாவது படத்தில் ஒரு புள்ளி, தரையில் 10 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம். லான்ட்சற்றில் ஒரு புள்ளி 30 மீற்றர். ஒரு உதைபந்தாட்ட மைதானம் சென்ரினல் படத்தில் ஏறக்குறைய 70 புள்ளியாகவும் லான்ட்சற் படத்தில் 8 புள்ளியாகவும் விழும். இரண்டு சென்ரினல்-2 செய்மதிகள் சேர்ந்து ஒரே இடத்தை 5 நாளுக்கு ஒருமுறை பார்க்கும்.

இந்தப் படங்களை எடுக்கக் குடியுரிமை கேட்கமாட்டார்கள், விசா கேட்கமாட்டார்கள், காசும் கேட்கமாட்டார்கள். ஒரு பேராசிரியர் பாவிக்கும் அதே படத்தை நீங்கள் நூலகக் கணினியில் இருந்து பார்க்கலாம். ஆராய்ச்சி உலகத்தில் இப்படி எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்கவிடும் இடங்கள் குறைவு.

மாணவர் கையால் செய்தவை

"நாங்கள் மாணவர்கள், எங்களால என்ன ஏலும்?" என்று நினைப்பவர்களுக்கு மூன்று உதாரணம். லண்டனுக்குத் தென்மேற்கே கில்ஃபோர்ட்டில் உள்ள சரே பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய குழு சேர்ந்து யூஓசற்-1 என்ற செய்மதியைக் கட்டியது. அது 1981 ஒக்ரோபர் 6இல் மேலே போனது. அந்த வேலையில் இருந்து பிறந்த கம்பனி பிறகு பல நாடுகளுக்குச் சிறிய செய்மதிகள் செய்து கொடுத்தது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் செய்த 40 கிலோ எடையுள்ள அனுசற் 2009 ஏப்ரலில் ஏவப்பட்டது. இலங்கையின் முதல் செய்மதியான இராவணா-1, யப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் பல நாட்டு இளைஞர்கள் சேர்ந்து செய்யும் திட்டத்தில் உருவாகி, 2019 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்து விடப்பட்டது. அதன் எடை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

ஒரு சின்னப் பாடம்: பச்சையை எப்படி அளப்பது?

இனி உண்மையான பாடத்துக்கு வருவோம். பேனையும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கோ.

எங்கள் கண்ணுக்குத் தெரிவது நீலம், பச்சை, சிவப்பு ஒளி. செய்மதிக் கமரா இவற்றோடு அண்மை அகச்சிவப்பு என்ற ஒளியையும் அளக்கும். அது எங்கள் கண்ணுக்குத் தெரியாது. செடியின் இலை இந்த இரண்டு ஒளியோடும் நேர்மாறாக நடந்துகொள்ளும். இலையில் உள்ள பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிச் சாப்பாடு செய்யும். ஆகவே சிவப்பு குறைவாகத்தான் திரும்பிவரும். இலைக்குள் இருக்கும் கலங்களின் அமைப்போ அண்மை அகச்சிவப்பைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே அது நிறையத் திரும்பிவரும்.

இந்த இரண்டையும் வைத்து ஒரு எளிய கணக்குப் போடுகிறார்கள். அண்மை அகச்சிவப்பில் இருந்து சிவப்பைக் கழியுங்கள். பிறகு இரண்டையும் கூட்டுங்கள். கழித்து வந்ததைக் கூட்டி வந்ததால் பிரியுங்கள். வருவதுதான் தாவரச் சுட்டெண். உலகம் முழுக்க இதை என்.டி.வி.ஐ. என்று சொல்வார்கள். அது எப்போதும் −1க்கும் +1க்கும் இடையில் வரும்.

உதாரணம் ஒன்று: செழிப்பான புல். விழுந்த சிவப்பில் 0.05 பங்கு திரும்புகிறது, அண்மை அகச்சிவப்பில் 0.45 பங்கு திரும்புகிறது. கழித்தால் 0.40, கூட்டினால் 0.50. பிரித்தால் 0.80.

உதாரணம் இரண்டு: காய்ந்த புல். சிவப்பு 0.20, அண்மை அகச்சிவப்பு 0.30. கழித்தால் 0.10, கூட்டினால் 0.50. பிரித்தால் 0.20.

பார்த்தீர்களா? "புல் காஞ்சு போச்சு" என்று வாயால் சொல்வதை 0.80இல் இருந்து 0.20 என்று இலக்கத்தில் சொல்ல முடிகிறது. தண்ணீருக்குப் பெரும்பாலும் பூச்சியத்துக்குக் கீழே வரும். சென்ரினல்-2 படத்தில் சிவப்பு 4ஆம் பட்டை, அண்மை அகச்சிவப்பு 8ஆம் பட்டை. ஏ.எல். அல்ல, ஓ.எல். கணக்குத் தெரிந்தவருக்கே இது விளங்கும்.

உங்கள் முதல் ஆராய்ச்சி: பக்கத்துப் பூங்கா

2022 ஜூலை 19ஆம் திகதி லிங்கன்ஷயரில் உள்ள கொனிங்ஸ்பியில் 40.3 பாகை செல்சியஸ் பதிவானது. பிரித்தானியாவில் முதன்முதல் 40 பாகையைத் தாண்டிய நாள் அது. அந்தக் கோடையில் தென் இங்கிலாந்தின் பூங்காக்கள் வைக்கோல் நிறமாக மாறின. இதை வைத்து ஒரு ஆய்வு செய்வோம்.

முதலாம் படி: கேள்வி. "அந்தக் கோடையில் என் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் புல்வெளி எவ்வளவு பச்சை இழந்தது? மரங்கள் நிற்கும் இடம் எவ்வளவு இழந்தது? எப்போது திரும்பிப் பச்சையானது?" கேள்வி சிறிதாக இருக்கட்டும். "காலநிலை மாற்றம்" என்று பெரிதாகத் தொடங்கினால் முடியாது.

இரண்டாம் படி: படம். கொப்பர்னிக்கஸ் பிரவுசர் என்ற இணையப் பக்கத்தில் இலவசமாகக் கணக்குத் திறவுங்கள். ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். நூலகக் கணினியில் மென்பொருள் எதையும் பதிய விடமாட்டார்கள். ஆனால் இது இணையத்திலேயே வேலை செய்வதால் பிரச்சினை இல்லை. சென்ரினல்-2ஐத் தெரிவுசெய்து, 2021 ஓகஸ்ட், 2022 ஓகஸ்ட், 2022 ஒக்ரோபர் என்று மூன்று காலத்தில் மேகம் இல்லாத நாள் ஒவ்வொன்றைத் தேடுங்கள். இந்த நாட்டில் மேகம் இல்லாத நாளைப் பிடிப்பதுதான் பெரிய வேலை!

மூன்றாம் படி: அளவு. முதலில் சாதாரண நிறத்தில் பாருங்கள். பிறகு என்.டி.வி.ஐ. காட்சியை அழுத்துங்கள். புல்வெளியில் 10 இடம், மரங்களில் 10 இடம் தெரிந்து, மூன்று திகதியிலும் அதே 20 இடத்தின் அளவையும் அட்டவணையாக எழுதுங்கள். சராசரி எடுங்கள்.

நான்காம் படி: நடந்து போய்ப் பாருங்கள். இதைத் தரைச் சோதனை என்பார்கள். படத்தில் புல் என்று நினைத்தது ஒருவேளை கிரிக்கெட் ஆடுகளமாகவோ, தண்ணீர் ஊற்றும் பூந்தோட்டமாகவோ இருக்கலாம். 20 இடத்துக்கும் போய் என்ன இருக்கிறது என்று குறியுங்கள். பஸ் காசும் தேவையில்லை.

ஐந்தாம் படி: காரணம். புல்லின் வேர் மேலாகவே இருப்பதால் அது முதலில் காயும். மரத்தின் வேர் ஆழத்தில் ஈரம் தேடும். உங்கள் இலக்கங்கள் இதோடு ஒத்துப்போகின்றனவா? ஒத்துப்போகாத இடம் இருந்தால் அதை மறைக்க வேண்டாம். ஆராய்ச்சியில் அதுதான் ருசியான இடம்.

ஆறாம் படி: குறைகள். ஒரு புள்ளியில் பாதி புல்லும் பாதி நடைபாதையும் விழுந்திருக்கலாம். மெல்லிய மேகம் தெரியாமல் இருந்திருக்கலாம். இப்படி உங்கள் ஆய்வின் குறைகளை நீங்களே எழுதுங்கள். இதை எழுதுகிறவரைத்தான் ஆசிரியர்கள் நம்புவார்கள்.

இவ்வளவையும் 4 பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டால், உங்கள் கையில் ஒரு ஆய்வு இருக்கிறது. ஆங்கிலம் பிழைத்தால் பரவாயில்லை. ஈசோல் வகுப்பு ஆசிரியரிடம் காட்டித் திருத்துங்கள். இதுவே நல்ல ஆங்கிலப் பயிற்சியும் ஆகும்.

சொந்தமாக மடிகணினி இருந்தால் கியூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச வரைபட மென்பொருளைப் பதிந்து அடுத்த கட்டத்துக்குப் போகலாம். மேகம் மறைக்கும் இடத்துக்கு சென்ரினல்-1 என்ற ராடர் செய்மதியின் படங்கள் உண்டு. ராடர் இரவிலும் பார்க்கும், மேகத்தை ஊடுருவியும் பார்க்கும். 2025 நவம்பரில் டித்வா புயல் இலங்கையை வெள்ளத்தில் ஆழ்த்தியது போன்ற நாட்களில் சாதாரணக் கமராவுக்கு மேகம்தான் தெரியும். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று காட்டக்கூடியது ராடர். திறந்த பல்கலைக்கழகத்தின் ஓப்பன்லேர்ன் பாடங்களும், நாசாவின் ஆர்செற் தொலையுணர்வுப் பாடங்களும் காசில்லாமல் படிக்கக் கூடியவை.

உங்கள் வயதுக்கும் நிலைக்கும் ஏற்ற வழி

16 முதல் 18 வயது வரை: தஞ்சம் கோரியவராக இருந்தாலும் பாடசாலை அல்லது கொலிச்சில் இந்நாட்டுப் பிள்ளைகளைப் போலவே இலவசமாகப் படிக்கலாம். கணிதமும் பௌதிகமும் எடுக்க முடிந்தால் எடுங்கள். உங்கள் பாடசாலையில் ஈ.பி.கியூ. என்ற தனி ஆய்வுப் பாடம் இருக்கிறதா என்று கேளுங்கோ. அது அரை ஏ.எல். பாடத்துக்குச் சமம். மேலே சொன்ன பூங்கா ஆய்வை விரித்து அதற்கே கொடுக்கலாம். கிரெஸ்ற் என்ற விஞ்ஞான விருதும் உண்டு. வெண்கலத்துக்கு 10 மணித்தியாலம், வெள்ளிக்கு 30, தங்கத்துக்கு 70 மணித்தியாலம் அளவில் வேலை. ஆசிரியர் மூலம் சேரலாம்.

19 வயதுக்கு மேல், முடிவு வராதவர்கள்: வழக்குப் போட்டு 6 மாதம் கடந்தும் முடிவு வராவிட்டால், அரசு பணம் கொடுக்கும் கொலிச் வகுப்புகளில் பொதுவாகச் சேரலாம். ஆங்கிலத்தோடு கணிதத்தையும் விடவேண்டாம்.

பல்கலைக்கழகம் போக விரும்புபவர்கள்: முடிவு வராதவர்களிடம் பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்பார்கள். பொறியியலுக்கு வருடம் 25,000 பவுணைத் தாண்டுவது சாதாரணம். 2025-26 கல்வியாண்டில் உள்நாட்டு மாணவருக்கு அது 9,535 பவுண். அரச மாணவர் கடனும் உங்களுக்குக் கிடையாது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தஞ்சம் கோரியவர்களுக்கென்றே சாங்சுவரி புலமைப்பரிசில் வைத்திருக்கின்றன. கட்டணத்தை விட்டுவிடுவதோடு சில இடங்களில் புத்தகச் செலவுக்கும் பயணத்துக்கும் தருவார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் சில இடங்கள்தான் இருக்கும். அங்கேதான் உங்கள் 4 பக்க ஆய்வு உதவும். "எனக்கு விருப்பம்" என்று எல்லோரும் எழுதுவார்கள். "நான் இதைச் செய்திருக்கிறேன்" என்று எழுதுபவர் குறைவு. நிலை கிடைத்தபின் கட்டணமும் கடன் உரிமையும் மாறும். எந்த வகை அனுமதி என்பதைப் பொறுத்து அது இருக்கும். அந்த நேரம் எங்களிடம் வந்து கேளுங்கோ.

ஊரில் பட்டம் முடித்தவர்கள்: நிலஅளவை, புவியியல், விவசாயம், பௌதிகம், மீன்பிடியியல் எதுவாக இருந்தாலும் தொலையுணர்வுக்கு அது பொருந்தும். "நான் எஞ்சினியர் இல்லையே" என்று ஒதுங்க வேண்டாம். லெஸ்ரர், ரெடிங், சரே, லண்டன் யூ.சி.எல். போன்ற பல்கலைக்கழகங்களில் பூமியைச் செய்மதியால் ஆராயும் குழுக்கள் இருக்கின்றன. அங்கே உள்ள ஒரு ஆய்வாளருக்கு மின்னஞ்சல் எழுதலாம். ஐந்து வரி போதும்: நான் யார், என்ன படித்தேன், உங்கள் எந்த ஆய்வைப் பார்த்தேன், நான் செய்த சிறிய ஆய்வு இதோடு இணைத்திருக்கிறேன், உங்கள் கருத்தரங்குக்கு வந்து கேட்கலாமா? வழக்கின் கதையை எழுதத் தேவையில்லை. பதில் வராவிட்டால் இரண்டு கிழமை கழித்து இன்னொரு முறை, பிறகு வேறொருவர்.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

* குடிவரவுப் பிணைப் பத்திரத்தைப் பாருங்கள். பெயில் 201 என்று இருக்கும். அதில் "படிக்க முடியாது" என்று நிபந்தனை இருந்தால் எந்த வகுப்பிலும் சேரமுன் சொலிசிற்றரிடம் காட்டுங்கள்.

* சம்பளம் இல்லாத வேலையும் வேலைதான். தர்ம நிறுவனத்தில் தொண்டு செய்வது அனுமதிக்கப்பட்டது. ஆனால் சம்பளம் வாங்கும் ஒருவர் செய்ய வேண்டிய வேலையை இலவசமாகச் செய்தால் அதைத் தொண்டு என்று ஹோம் ஒபிஸ் எடுக்காது. ஆய்வுகூடத்தில் "வந்து உதவி செய்யுங்கோ" என்றால் முதலில் எங்களிடம் கேளுங்கள். 12 மாதம் கடந்தும் முதல் முடிவு வராவிட்டால் வேலை அனுமதி கேட்டு எழுதலாம். கிடைத்தாலும் எல்லா வேலையும் செய்ய முடியாது.

* சான்றிதழ் எடுக்கவென்று உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குப் போகவோ எழுதவோ வேண்டாம். முதலில் சொலிசிற்றரிடம் கதையுங்கோ. அது உங்கள் வழக்கையும் ஊரில் உள்ளவர்களையும் பாதிக்கலாம்.

* ஒரே உண்மை, எல்லாப் பத்திரத்திலும் ஒரே மாதிரி. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எழுதும் படிப்பு, வேலை, வருடம் எல்லாம் ஹோம் ஒபிஸ் நேர்முகத்தில் சொன்னதோடு ஒத்துப்போக வேண்டும். ஊரில் வரைபடம், தொலைத்தொடர்பு, விமானம் சம்பந்தமான வேலை ஏதாவது செய்திருந்தால், அதை விண்ணப்பத்தில் எழுதமுன் சொலிசிற்றருடன் இருந்து கதையுங்கள்.

* "விமானப் பொறியியல் இடம் எடுத்துத் தாறன், 500 பவுண் தாங்கோ" என்று சொல்லும் ஏஜென்ற்மாரிடம் காசு கொடுக்க வேண்டாம். புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்க யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை.

ஊரின் படத்தைப் பார்க்கும்போது

இன்னொரு விஷயம். இந்தப் படங்களைத் திறந்தவுடன் எல்லோரும் முதலில் தேடுவது தங்கள் ஊரைத்தான். அதை நாங்கள் தடுக்க மாட்டோம். ஆனால் சொல்லவேண்டியதைச் சொல்கிறோம்.

செய்மதிப் படம் எங்கள் கதையோடு முன்னமே சேர்ந்ததுதான். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி அடித்த காலை, களுத்துறைக் கரையில் கடல் சுழன்று பின்வாங்குவதை ஒரு வர்த்தகச் செய்மதி படம் பிடித்தது. உலகம் முழுக்க அந்தப் படத்தைப் பார்த்தது. 2009இல் வன்னிக்குள் வெளியாட்கள் போக முடியாத நேரத்தில், ஐக்கிய நாடுகளின் யூனோசற் என்ற பிரிவு செய்மதிப் படங்களை வைத்து அங்கே நடந்த சேதத்தை ஆராய்ந்தது. 2011இல் வெளிவந்த ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கையிலும் அப்படியான படங்கள் சேர்க்கப்பட்டன. சாட்சி சொல்ல ஆள் போக முடியாத இடத்துக்கு ஒரு கமரா போனது. இந்தத் துறை வெறும் சம்பளத்துக்கான படிப்பு இல்லை என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்த ஆய்வுக்குப் பாவித்தவை ஒரு மீற்றருக்கும் குறைந்த நுணுக்கமுள்ள வர்த்தகப் படங்கள். இலவசமாகக் கிடைக்கும் 10 மீற்றர், 30 மீற்றர் படங்களில் காடு அழிந்ததையும் குளம் வற்றியதையும் பார்க்கலாம். உங்கள் வீட்டைப் பார்க்க முடியாது. ஆகவே ஒரு மங்கலான புள்ளியை வைத்து "வீடு இடிஞ்சு போச்சு" என்றோ "வீடு அப்படியே இருக்கு" என்றோ முடிவெடுக்க வேண்டாம். அப்படி ஒரு படத்தை நீங்களாகவே வழக்குக்குக் கொடுக்கவும் வேண்டாம். அது உதவும் என்று நினைத்தால் சொலிசிற்றரிடம் காட்டுங்கள். தேவையென்றால் அவர் தகுதியான நிபுணர் ஒருவரிடம் கேட்பார். தவறாக விளங்கிக்கொண்ட படம் உண்மையான வழக்கையும் பலவீனமாக்கிவிடும்.

பார்த்த பிறகு மனம் தாங்கவில்லை என்றால், படத்தை மூடிவிட்டு யாரோடாவது கதையுங்கள். பூங்காவில் தொடங்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்தான்.

இந்தக் கிழமை செய்யக்கூடிய மூன்று

1. பக்கத்து நூலகத்தில் அங்கத்தவராகச் சேருங்கள். முகவரிக்கு ஹோம் ஒபிஸ் கடிதமோ தங்குமிடக் கடிதமோ போதுமா என்று கேளுங்கள்.

2. கொப்பர்னிக்கஸ் பிரவுசரில் கணக்குத் திறந்து, உங்கள் பூங்காவின் ஒரு மேகமில்லாத படத்தைக் கண்டுபிடியுங்கள்.

3. ஒரு கொப்பி வாங்கி, திகதி போட்டு, கண்டதை எழுதத் தொடங்குங்கள். பிறகு ஒருநாள் நேர்முகத்தில் "இவ்வளவு காலமும் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், அந்தக் கொப்பியைத்தான் மேசையில் வைக்கப் போகிறீர்கள்.

சட்டங்களும் கட்டணங்களும் அடிக்கடி மாறுகின்றன. எதிலும் கையெழுத்துப் போடமுன் எங்கள் ஆலோசனை நேரத்தில் வந்து கேளுங்கள். கதைப்பது இரகசியமாக இருக்கும், காசும் இல்லை. ஆய்வை எழுதி முடித்தால் அதையும் கொண்டுவாருங்கோ. ஒருமுறை இருந்து சேர்ந்து வாசிப்போம்.